இதரக் குறிப்பு

வாலாஜாவுக்குக் கிழக்கே புன்னந்தாங்கல் ஏரி.
பறவைகள் காப்பிடம் என்று பச்சைப் பலகை,
முதல் எழுத்து உரிந்து
'றவைகள் காப்பிடம்' ஆகியிருக்கிறது.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
ஆறு பாட்டில்களோடு வருவேன்.
பெயர்ச்சீட்டில் பென்சில்தான்,
மை கரைந்துவிடும்.

நீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.
கரைந்த உப்பு, கரைந்த உயிர்வளி,
குரோமியம் — அதைத்
தசமப்புள்ளிக்குப் பின்னால் தேட வேண்டும்,
தேடினால் கிடைக்கும்.
ஒன்பது வருடமாக எழுதுகிறேன்.
ஒன்பது வருடமாக இந்த ஏரி
என் கையெழுத்தில் செத்துக்கொண்டிருக்கிறது.

தை மாதப் பனி. கரைமேல்
வனக்காப்பாளர் எத்திராஜ்,
கேரிபேக்கில் டீ, காதில் மஃப்ளர்.
"நாமக்கோழி நானூத்தி பன்னண்டு மேடம்.
தண்ணி இன்னா சொல்லுது?"
"பழைய கதைதான்."

மூன்றாம் மதகில் மண்டியிட்டு
பாட்டிலின் வாயை அமிழ்த்தினேன்.
குமிழிகள் நின்றதும்
நாமக்கோழிகள் சத்தமில்லாமல்
இரண்டு பக்கமாக ஒதுங்கின.
நடுவில் ஒரு கோடு.
கோட்டின் முனையில் ஒரு தலை.

யார் வீட்டு நாயோ என்று நினைத்தேன்.
பிறகு பாம்பு என்று.
எந்தப் பாம்புக்கும் மீசை கிடையாது.

உடைந்த மதகுக் கல்லில் ஏறியது,
கைகளில் ஜிலேபி மீன்.
கைகள் என்றுதான் சொல்ல வேண்டும்,
அப்படிப் பிடித்திருந்தது.
தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
வெற்றிலை பாக்கைக் கடைவாயில் வைத்து
உடைக்கிற சத்தம்.

மேல்விஷாரத்தில் பிறந்தவள் நான்.
தோல் எனக்குப் புதிதில்லை.
சுண்ணாம்பில் ஊறியது, சாயம் குடித்தது,
மெருகேறி ஏற்றுமதிக்குப் போவது,
கண்ணை மூடிக்கொண்டு
விரலால் தரம் சொல்வேன்.
ஆள் உள்ளே இருக்கும்போதே ஒரு தோலை
இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.
தண்ணீர் அதன்மேல் நிற்கவே இல்லை.

"நீர்நாய்," என்றார் எத்திராஜ்,
உதடு மட்டும் அசைந்தது.
"பொஸ்தகத்துல பாத்துகீறேன்.
இங்க எப்டி?"

ஒருவேளை பாலாற்றின் வழியாக.
இரு கரையும் தொட்டுக்கொண்டு ஆறு ஓடிய
அந்தக் கார்த்திகையில்,
நாற்கரச் சாலைப் பாலத்தின் அடியில்,
மேலே லாரிகள் போகப் போக
கீழே இது மட்டும் இருட்டில்.
யார் கண்டார்கள்.

அது எங்களைப் பார்த்தது.
எங்களை என்றுகூடச் சொல்ல முடியாது,
என் பாட்டிலைப் பார்த்தது.
தும்மியது.
நீர் மூடிக்கொண்டது.

கல்லில் மிச்சம்: வால்துடுப்பு,
நண்டு ஓட்டின் துணுக்குகளோடு எச்சம்,
அதன் நாற்றம்.

எத்திராஜ் போனை எடுத்தார்.
திரையைத் துடைத்தார். உள்ளே வைத்தார்.
கணக்கெடுப்புப் படிவம் அறுபது பறவைக்கானது,
இதற்குக் கட்டம் இல்லை.
"எழுதினா பெரிய ஆபீசர் வருவாரு,
பேப்பர்காரங்க வருவாங்க.
அப்பால தசரதன் ஆளுங்க.
பதினோரு லட்சத்துக்கு மீன் குத்தகை எடுத்துகீறான்,
அவன் கணக்குல இது திருடன்."
"எழுதலன்னா?"
"எழுதலன்னா
இது மட்டும் வரும்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

ஆய்வகத்தில் மூன்றாம் பாட்டில்.
ஒருமுறை பார்த்தேன். நம்பாமல் மறுமுறை.
எண் மாறவில்லை.
போன மாதத்தைவிட
ஒரு புள்ளி மோசம்.
கருவி பொய் சொல்லாது,
போன வாரம்தான் சரிபார்த்தார்கள்.
கல்லில் உட்கார்ந்து தின்றதும் பொய்யில்லை.
இந்தத் தண்ணீரில்தான் அந்த மீன்.
அந்த மீன்தான் இப்போது அதற்குள்.
அதை நினைத்தபோது
சந்தோஷம் கொஞ்சம் தடுக்கியது.

வடிதாளில் ஒரு செதில் ஒட்டியிருந்தது,
நகக்கண் அளவு.

படிவத்தின் கடைசி வரி: இதரக் குறிப்பு.
ஒவ்வொரு மாதமும்
'இல்லை' என்று எழுதுகிற இடம்.
பென்சிலைச் சீவினேன்.
இன்னொரு முறை சீவினேன்.
கட்டத்தைக் காலியாக விட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

கேட்டால்
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.